ரோட்டை முந்திக்கொண்ட அம்மன்

கோலாலம்பூரில் எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னைச் சென்னைக்கு அனுப்பியதற்கு வேறு காரணம் கிடையாது. சாலைப் பொறியியலில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. அடுத்தவர் எழுதும் அறிக்கைகளைத் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சென்னையின் மேற்குப் புறத்திலிருந்து பக்கத்து மாநில எல்லை வரை போகும் பழைய நெடுஞ்சாலையை ஆறுவழிச் சாலையாக்கப் போகிறார்கள். வரைபடம் எங்கள் நிறுவனத்தின் பொறுப்பு. கோடெல்லாம் போட்டாகிவிட்டது. கடைசியாக ஒரு வாரம் அந்தக் கோடு போகும் வழியே நடந்து, வரைபடத்தில் இல்லாதது ஏதாவது தரையில் இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும். ஜனங்கள் பேசுவதையும் கேட்டு எழுத வேண்டும். தலைமைப் பொறியாளர் லிம் ஈப்போ ஊர்ச் சீனர். "உனக்குத்தான் அந்த பாஷை தெரியுமே, ஊருக்குப் போய் வந்த மாதிரியும் இருக்கும்" என்றார். என் ஊர் மலேசியாவிலேயே இருக்கும் சுங்கை சிப்புட் என்று அவரிடம் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஓட்டல். திங்கட்கிழமை காலை கீழே இறங்கி வந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். இங்கே டிபன் என்று கேட்டால்தான் இட்லி வருகிறது. லிம் பொங்கலைக் கஞ்சி என்று நினைத்து ஆவலாக வாங்கி, முழு மிளகைக் கடித்துக் கண்ணீர் விட்டார். வடையில் மட்டும் குறை வைக்கவில்லை. கடைசி வடையைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அரசாங்க அலுவலகக் கூட்டத்துக்குக் கிளம்பினார். என்னை ஷேர் ஆட்டோவில் போய் ஜனங்களோடு கலந்து வரச் சொன்னார்.

கலப்பதற்கு நான் முயற்சியே எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒருவருடைய சாப்பாட்டுப் பை, என் தோளில் இன்னொருவருடைய முழங்கை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பெண்கள் எதிரில் உட்கார்ந்து, புது ரோடு வந்தால் ஆபீசுக்குப் பாதி நேரத்தில் போய்விடலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி மதுரைப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. ரோடு வந்தால் தன் பிளாட்டின் விலையும் ஏறும் என்றாள். நான் கைப்பேசியில் குறித்துக்கொள்ளப் பார்த்தேன், கையை அசைக்க இடமில்லை. எங்கள் ஊர் ரயிலில் இப்படி நெருக்கியிருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இங்கே யாரும் சட்டை செய்யவில்லை, நானும் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டேன்.

திருவேற்காட்டில் இறங்கினால் ஆடி மாதக் கூட்டம். மஞ்சள் புடவைகள், வேப்பிலை, நாலு திசையிலிருந்தும் ஒலிபெருக்கி. பூந்தமல்லிக்குப் போகும் வேனில் என்னை ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். உமாபதி என்று பெயர், ஐம்பது வயது இருக்கும். வாய் ஓயவில்லை. மெட்ரோ தூணைத் திட்டினார், தண்ணீர் லாரியைத் திட்டினார், எதிரில் வந்த மாட்டை மட்டும் 'வாம்மா' என்று மரியாதையாக அழைத்தார். சின்னமேடு என்ற இடம் வந்ததும் வண்டி இருமி நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம். மற்றவர்கள் எதுவும் பேசாமல் இறங்கி அடுத்த வேனைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போனார்கள். எனக்கு மட்டும் இடமில்லை. "ஊடு இங்கதாம்மா கீது, வெயில்ல நிக்காத, வந்து குந்து" என்றார் உமாபதி. நானே வர வேண்டியிருந்த இடம் அது என்று அவருக்குத் தெரியாது.

ரோட்டைப் பார்த்த வரிசையில் மூன்றாவது வீடு. புதுச் சாயம், வாசலில் ரோஜா நிற டைல்ஸ், மாடியில் இன்னும் பூச்சு முடியாத ஓர் அறை. அவர் மனைவி கௌரி அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கேட்காமலே ஒரு சொம்புக் கூழும், பச்சை வெங்காயமும், கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். அப்போதுதான் என் பேச்சைக் கவனித்தார்.

"எந்த ஊரு மா நீ? டிவியில நியூஸ் படிக்கிற மாதிரி பேசுற?"

மலேசியா என்றேன். அங்கேயும் நம்ப ஆளுங்க இருக்காங்களா என்று ஆச்சரியப்பட்டார். மாரியம்மனுக்குத் தீமிதி உண்டா, கூழ் ஊற்றுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உண்டு, உண்டு என்றேன். எதற்கு வந்தாய் என்று கேட்டபோது பொய் சொல்லத் தோன்றவில்லை. ரோட்டு வேலையாக வந்திருக்கிறேன் என்றேன். அக்காவின் முகம் சட்டென்று மாறிப்போனது. ஆனாலும் காலியான சொம்பை வாங்கி மறுபடி நிரப்பினார்.

கதையை உமாபதி சொன்னார். அவருடைய அப்பா பயிர் வைத்த நிலம் முன்பு வந்த வேறொரு ரோட்டுக்குப் போனது. பாதிதான் போகும் என்று ஓர் அதிகாரி அப்போதிருந்த குடிசைக்கு வந்து, இதே மாதிரி உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டுச் சொன்னாராம். முழுவதும் போனது. கிடைத்ததை வைத்துக் கட்டியதுதான் இந்த வீடு. அதற்குப் பிறகு கையில் இருப்பது இந்த வீடும் அந்த வேனும்தான்.

"ஒரு தபா குடுத்தாச்சு. இந்த ஊடும் பூடுமா?" என்று கௌரி அக்கா நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

போகாது என்பது எனக்குத் தெரியும். சின்னமேட்டுக்கு எங்கள் வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று, இருக்கிற ரோட்டையே அகலப்படுத்துவது. அதில் இந்த முன்வரிசை வீடுகள் அத்தனையும் போகும். இன்னொன்று, வீடுகளுக்குப் பின்னால் கிடக்கும் காலி நிலத்தில் புதிதாகப் போவது. அதில் ஒரு செங்கல்கூட விழாது. பின்பக்கக் கோடுதான் என்று லிம் அநேகமாக முடிவு செய்துவிட்டார். ஆனால் அரசாங்கம் அறிவிக்கும் முன்னால் வெளியில் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும். தெரிந்தால் நிலத் தரகர்கள் புகுந்துவிடுவார்கள் என்பது எங்கள் நிறுவனத்தின் பயம். "எனக்குத் தெரியாது அக்கா" என்றேன். அடுத்த வேன் வரும் வரைகூட என்னால் உட்கார முடியவில்லை, நடந்தே கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை லிம்மோடு அந்தக் காலி நிலத்துக்கு வந்தேன். கருவேல மரங்கள், மேயும் ஆடுகள், உடைந்த பீங்கான் குவியல். எங்கள் அளவையாளர்கள் முக்காலியில் கருவியை நிறுத்தி அளந்து, மின்கம்பங்களில் சிவப்பு அம்புக்குறி போட்டார்கள். வீடுகளின் கொல்லைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மொட்டை மாடிகளில் பெண்கள் நின்று பார்த்தார்கள். கௌரி அக்காவும் துணி காயப்போடுவதுபோல நின்றுகொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை.

லிம்முக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீடு இல்லை, கிணறு இல்லை, சுடுகாடு இல்லை, கோயில் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு முடித்துவிடலாம் என்றார். கோயில் இல்லை என்பதை அவர் இரண்டு தடவை சொன்னதற்குக் காரணம் உண்டு. வழிபாட்டிடம் எதுவும் குறுக்கே வந்தால் கோடுதான் ஒதுங்க வேண்டும், சாமி ஒதுங்காது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. அந்த விதியை எழுதவைக்க முன்னால் நின்று சண்டை போட்டவள் நான். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. ரோடு வந்தபோது அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கழிவுநீர்க் குட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். என் அம்மா அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போனதே இல்லை. இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னேன், மறு மாதம் விதி வந்தது. என் வேலையில் நான் பெருமைப்படும் காரியம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை ஆவடிப் பக்கம் நடக்க வேண்டிய நாள். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. மின்சார ரயிலில் ஏறி, ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கி, தப்பு என்று தெரிந்து மறுபடி ஏறினேன். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மத்திய போலீஸ்காரர்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தில் பக்கத்து வீட்டார் மலையாளிகள் என்பதால் எனக்குப் பாதி புரியும். 'ஊரில் ரோடு கேட்டுப் போராட்டம், இங்கே ரோடு வேண்டாமென்று போராட்டம், இரண்டு இடத்திலும் நிற்பது நாம்தான்' என்றார் ஒருவர். மற்றவர் சிரிக்காமல், 'வெயிலும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்' என்றார். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. போலீஸ் குடியிருப்புச் சுவரோரம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். எங்கள் ஊரில் ஆற்றி ஆற்றித் தரும் தே தாரேக் அளவுக்கு நுரை இல்லாவிட்டாலும் இந்த டீயில் ஒரு ரோஷம் இருக்கிறது. இரண்டு குடித்தேன். குடிக்கும்போதெல்லாம் கௌரி அக்காவின் கேள்விதான் காதில் விழுந்தது. போகாது என்று ஒரு சொல், அவ்வளவுதானே, சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும் என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சின்னமேட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு கேட்டது. ஆடிதானே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். உமாபதியின் வீடு பூட்டியிருந்தது, பாட்டு வீடுகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

காலி நிலத்தின் நட்டநடுவில், எங்கள் அம்புக்குறி போட்ட இரண்டு மின்கம்பங்களுக்கு இடையில், தெருவே கூடியிருந்தது. தென்னங்கீற்றுப் பந்தல். செங்கல் மேடை. மேடையில் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்ட ஒரு கல், கண்மலர் பதித்து, சிவப்புப் பாவாடை கட்டியிருந்தது. பக்கத்தில் சூலம், எலுமிச்சம்பழம், புதிதாக நட்ட வேப்பங்கன்று. அண்டாவில் கூழ். மேடையின் சிமெண்ட் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

கௌரி அக்காவுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். நான் எதிரி என்பதுகூட மறந்துபோயிருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மிஷினை வைத்துக்கொண்டு பின்பக்கம்தானே சுற்றினார்கள், ரோடு பின்பக்கமாக வந்துதான் வீட்டை விழுங்கப் போகிறது என்று தெரு முழுக்கப் பேச்சாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கூடிப் பேசி, புதன்கிழமை மழையோடு மழையாகக் கல் நட்டுவிட்டார்கள். அம்பத்தூரில் ஒரு பாலம் அம்மன் கோயிலுக்காக வளைந்து போவதை உமாபதி தினமும் வேனில் போகும்போது பார்த்திருக்கிறாராம்.

"அம்மா குந்திட்டா. இனிமே எவன் வருவான் பாக்கலாம்" என்றார் கௌரி அக்கா.

அவரைத் தனியாகக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப் போனேன். வேலை போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு கோடு இருக்கிறது, பின்பக்கக் கோடு வந்தால் உங்கள் வீடு தப்பும், இந்தக் கல் அங்கே இருந்தால் கோடு முன்பக்கம் வந்துவிடும், முன்பக்கம் வந்தால் உங்கள் வீடு போய்விடும். தரையில் குச்சியால் கோடு போட்டும் காட்டினேன். நாளைக் காலைக்குள் சாமியை முறைப்படி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று கெஞ்சினேன்.

கௌரி அக்கா கேட்டு முடித்ததும் குச்சியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டார்.

"அன்னிக்கு தெரியாதுன்ன. இன்னிக்கு அம்மா வந்து குந்தினதும் எல்லாம் தெரியுதா? அந்த ஆபீசரும் உன்ன மாதிரிதாம்மா, நல்லா பேசுனாரு."

"அக்கா, சத்தியமா சொல்றேன்" என்றேன்.

"கல்லை எடுக்கச் சொல்லி அனுப்பிச்சாங்களா?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டிய நாள் திங்கட்கிழமை, அதை நான் கூழோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை லிம் வந்தார். கூடவே அரசாங்க அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளரும் வந்தார். பந்தலைப் பார்த்ததும் லிம் நின்று, தன் வரைபடத்தைப் பார்த்து, மறுபடி பந்தலைப் பார்த்தார். தெருவே எழுந்து நின்றது. முன்னால் நின்றது கௌரி அக்கா.

இந்தக் கோயில் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்கச் சொன்னார் லிம். கேட்டேன்.

"என் மாமியா காலத்துலேர்ந்து கீது" என்றார் கௌரி அக்கா, கண்ணை என் மேலிருந்து எடுக்காமல். பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். உமாபதி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளம் பொறியாளருக்கு ஆங்கிலம் புரியும், தமிழும் புரியும். அதனால் மலாயில் சொன்னேன். பொய் சொல்கிறார்கள், செவ்வாய்க்கிழமை இங்கே ஆடுதான் மேய்ந்தது, நீங்களே பார்த்தீர்கள். இதைக் குறித்தால் இவர்களுடைய வீடுகளே போகும், இவர்களுக்கு அது தெரியாது, தயவுசெய்து இதைக் கோயில் என்று எழுதாதீர்கள்.

லிம்மும் மலாயில் பதில் சொன்னார். "பார்த்தேன். அன்றைக்கு சாமி இல்லை, இன்றைக்கு இருக்கிறது. விளக்கு எரிகிறது, ஜனங்கள் கும்பிடுகிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?" குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு நஷ்டஈடு கொடுக்கலாம். சாமி பணம் வாங்காது. அந்த விதியைக் கேட்டவளே நீதான்" என்றார். இளகிய மனசுக்காரர் அவர். எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் போய்க் கை கூப்பி நின்றார். வெளியே வந்து வரைபடத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டு, பக்கத்தில் கோயில் என்று எழுதினார். படம் எடுத்து, குறிப்போடு அங்கிருந்தே கோலாலம்பூருக்கு அனுப்பினார். முக்கோணத்தைப் பார்த்த பெண்கள் குலவையிட்டார்கள். லிம்முக்கு இரண்டு டம்ளர் கூழ் கிடைத்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

நான் காரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நடந்தேன். கௌரி அக்கா ஓடி வந்து வழியை மறித்தார். தட்டிலிருந்து குங்குமம் எடுத்து என் நெற்றியில் இட்டு, கண்ணில் விழாமல் கையால் மறைத்து ஊதினார்.

"நேத்து உன்ன தப்பா நெனச்சிட்டேன் மா. மனசுல வச்சிக்காத" என்றார். "நாங்க சொன்னத அப்டியே அவர்கிட்ட சொன்ன பாரு. ஒரு வார்த்த மாத்திச் சொல்லிருந்தா எங்க கதி இன்னா ஆயிருக்கும்?"

உண்மை வாய் வரை வந்தது. சொல்லி இனி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்குத்தான் பாரம் இறங்கும், அவருக்கு இன்றைக்கு ஒரு நாள் சந்தோஷமும் போகும்.

அவர் என்னை விடவில்லை. அடுத்த தடவை வந்தால் ஓட்டலில் தங்கக் கூடாது, நம்ப வீட்டிலேயே தங்க வேண்டும் என்று சொல்லி, கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப் போனார். பூச்சு முடியாத அந்த அறையில் சிமெண்ட் மூட்டையும் சாந்துக் கரண்டியும் கிடந்தன. தை மாதத்துக்குள் முடித்துவிடுவார்களாம். நல்ல காற்று வரும் என்று ஜன்னலைத் திறந்து காட்டினார். கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று என்னைக் கேட்டார்.

ஜன்னல் பக்கம் போடச் சொன்னேன்.